புருசெத்துக்கு வந்துபோகும் தலைக்கவசம்

2003ஆம் ஆண்டு மார்கழியில், ஒஸ்லோ அருங்காட்சியகமொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஐந்நூறு வருடப் பழைய துருக்கித் தலைக்கவசம், பெட்டி திறவாமலும் கண்ணாடி உடையாமலும், நகரின் விளிம்பிலுள்ள புருசெத்தில் குடியிருந்த கஜேந்தினியின் தலையில் வந்து அமர்ந்தது. மகள் கம்சிகாவின் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாகப் போயிருந்தாள். பக்கத்து மண்டபத்தில் ஓர் ஏணி சரிந்து விழுந்தது. சாவகச்சேரியில் ஷெல்லடிக்குள் வளர்ந்தவளுக்கு எந்தப் பெரிய சத்தமும் ஷெல்தான்; தலையைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தாள். நோர்வேக்கு வந்த பிறகும் புதுவருட வாணவேடிக்கை முழுவதையும் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டே கழித்தவள் அவள். எழும்பியபோது கைகளுக்குக் கீழே இரும்பு இருந்தது.

காவலாளர் நால்வர் சேர்ந்து இழுத்தும் அது அசையவில்லை. அருங்காட்சியகப் பொறுப்பாளர் நெஸ்லிஹான், துருக்கியில் பிறந்தவர், விளிம்பில் வெள்ளியால் பதித்திருந்த அரபு எழுத்துகளை வாசித்தார். அணிபவர் நலமாக வாழ்க என்றிருந்தது. அணிபவர் யாரென்று எழுதியிருக்கவில்லை. ஆகவே வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். சுரங்க ரயிலில் எவரும் அவளை வழக்கத்தைவிட அதிகமாகப் பார்க்கவில்லை.

கணவன் குகநேசன் கதவைத் திறந்து, கழுத்தைச் சுற்றித் தொங்கிய சங்கிலி வலையைத் தொட்டுப் பார்த்தான்.

"பாரமா இருக்கோ?"

"இல்லையப்பா. ஆரோ தலையிலை கை வைச்சுக்கொண்டிருக்கிற மாதிரிக் கிடக்கு."

அதோடுதான் சமைத்தாள், அதோடுதான் படுத்தாள். வருடத்தின் கடைசி இரவு கம்சிகா பயந்து பயந்து கேட்டாள்: "அம்மா, பல்கனிக்கு வாறீங்களோ?" கஜேந்தினி போனாள். அடுக்குமாடிகளுக்கு மேலே முதல் வாணம் வெடித்தது. சத்தம் இரும்பைத் தொட்டு, தூரத்தில் யாரோ கம்பளம் தட்டுவதுபோல் மெலிந்து வந்தது. நெஞ்சு பதறவில்லை. பச்சையும் சிவப்புமாகப் பூக்கள் விரிந்து பனியில் உதிர்வதை வாய் திறந்தபடி பார்த்தாள். "இவ்வளவு வடிவே இது!" என்றாள். குகநேசன் அழுதான்.

விடிந்தபோது தலைக்கவசம் கையோடு கழன்றது. மெல்லிய துணியால் துடைத்து, தன் நல்ல பட்டுச் சேலையில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுபோய் நெஸ்லிஹானிடம் கொடுத்தாள். நன்றி சொல்ல நோர்வேஜிய மொழியில் சொல் தேடினாள். கிடைக்காமல் அவரைக் கட்டிப்பிடித்தாள்.

அடுத்த மார்கழியிலும் அது வந்தது, அதற்கடுத்த மார்கழியிலும். அருங்காட்சியகத்தார் வெறும் பெட்டிக்குள் ஒரு சிறிய அட்டை வைத்தார்கள்: புருசெத் போயிருக்கிறது, தை மாதம் திரும்பும். பார்க்க வந்தவர்கள் அதை வாசித்துவிட்டு, அடுத்த பெட்டியிலிருந்த வாள்களைப் பார்க்கப் போனார்கள்.