ஒன்பதாம் எண், வாசிக்க இயலவில்லை

1

2000 டிசம்பர் 13, புதன்கிழமை காலை, டெக்சஸ் மாநிலம் ரிச்சர்ட்சனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடி வீட்டிலிருந்து நான்கு பேர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மூன்று பேர் பிழைத்தார்கள்.

இந்தக் கதை அந்தச் செய்தியிலிருந்து பிறக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்த ஒரு விழா மலரின் பதினேழாம் பக்கத்து வரி ஒன்றிலிருந்து பிறந்தது. அந்த மலரை அச்சுக்குத் தயார் செய்தவன் நான். வரியைத் தட்டியதும் நான்தான். கதைக்குள் எனக்கு அதற்குமேல் வேலை இல்லை. இது டாக்டர் பர்வதத்தின் கதை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மரக்கிளைகளில் பனி கண்ணாடிக் குழல்களாக உறைந்து, காலை வெயில் பட்டு—"

நிறுத்திவிட்டேன். அன்று வெயிலே இல்லை. ஒரு மனிதர் செத்துப்போன காலையை அழகாக்கப் பார்த்த வாக்கியம் அது. அடிக்காமல் இங்கேயே விட்டுவைக்கிறேன். எழுதுகிறவனுடைய முதல் ஆசை எதுவென்று வாசகருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இரண்டாவது தொடக்கம் விதிமுறைகளிலிருந்து. எங்கள் தமிழ்ச் சங்கம் 1997-இல் ஆண்டுப் பரிசுகளை ஆரம்பித்தது. யோசனை செயலாளர் மகாதேவனுடையது. நியூயார்க்கில் பத்திரிகை எழுத்துக்கும் இலக்கியத்துக்கும் நாடகத்துக்கும் ஆண்டுதோறும் தரும் பெரிய பரிசுகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, "நம்ம ஏன் சார் பண்ணக்கூடாது?" என்று செயற்குழுவில் கேட்டார். அங்கே சில ஆண்டுகளில், தகுதியானது எதுவும் இல்லை என்று ஒரு பிரிவுக்குப் பரிசே தராமல் விட்டுவிடுவார்கள். இதுதான் அவரை ரொம்பவும் கவர்ந்தது. "அதுதான் சார் ஸ்டாண்டர்ட்!" என்றார். எங்கள் விதிகளில் அது ஏழாவதாக ஏறியது. படைப்பைப் பதிந்த ஃபிளாப்பியோடு அச்சுப் பிரதியும் அனுப்ப வேண்டும் என்பது நான்காவது.

இலக்கியப் பரிசை ஒரு மளிகைக் கடைக்காரரும், நாடகப் பரிசை ஓர் இதய மருத்துவரும் ஏற்றுக்கொண்டார்கள். கட்டுரைப் பரிசு வாஞ்சிநாதனுடையது, அவருடைய தகப்பனார் பெயரில். வாஞ்சிநாதன் இந்தியாவிலிருந்து புரோகிராமர்களை வரவழைத்து இங்குள்ள கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்புகிறவர். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்ற பயம் இருந்தவரை அவருக்கு ஆட்கள் போதவில்லை. பயம் தீர்ந்ததும் வேலையும் தீர்ந்தது. வந்தவர்கள் அடுத்த வேலைக்காக, சம்பளம் இல்லாமல், அவர் குத்தகைக்கு எடுத்திருந்த வீடுகளில் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருப்பதற்குப் பெயர் பெஞ்ச்.

3

பர்வதம் நுரையீரல் மருத்துவர். இதை எழுதும்போதே கை தயங்குகிறது. கரிப்புகையில் ஒருவர் சாகும் கதையில் கட்டுரைகளின் நடுவர் நுரையீரல் மருத்துவர் என்றால், எழுதுகிறவன் வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்றுதான் தோன்றும். இரண்டாம் வரைவில் அவரைக் கணித ஆசிரியை ஆக்கிப் பார்த்தேன். கதையை நம்ப முடிந்தது. பர்வதம்தான் காணாமல் போய்விட்டார். திரும்பவும் மருத்துவராக்கினேன்.

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை மதியம். பர்வதத்தின் சமையலறை மேஜையில் பதினான்கு கட்டுரைகள். பெயர்களை நீக்கி மகாதேவன் எண் கொடுத்திருந்தார். பதின்மூன்றை வாசித்து மதிப்பெண் போட்டாயிற்று. ஒன்பதாம் எண்ணுக்கு அச்சுப் பிரதி இல்லை, ஃபிளாப்பி மட்டும். திறந்தால் திரை முழுக்கப் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளும் கட்டங்களும் கேள்விக்குறிகளும். மகாதேவனுக்குப் போன் செய்தார்.

"ஒன்பதாம் நம்பர் ஓப்பன் ஆகுது மகாதேவன், ஆனா ஒண்ணும் படிக்க முடியல. பூச்சி பூச்சியா ஊருது."

"ஃபாண்ட் ப்ராப்ளம் டாக்டர். ஆளுக்கு ஒரு ஃபாண்ட் வச்சிருக்கான்.* ரூல்ஸ்ல பிரிண்ட் அவுட் கேட்டிருக்கோமில்ல, விட்டுத் தள்ளுங்க."

"யாரோ மெனக்கெட்டு எழுதியிருக்காங்களே, பாவம்."

"மெனக்கெட்டு எழுதத் தெரியுது, ஒரு பிரிண்ட் எடுக்கத் தெரியலையா? நீங்க வேற! நீங்க ஒவ்வொருத்தருக்கா இரக்கப்பட்டா இந்த வருஷப் போட்டி அடுத்த வருஷம்தான் முடியும்."

பர்வதம் சிரித்துவிட்டார். மதிப்பெண் தாளில் எழுதினார்: எண் 9, வாசிக்க இயலவில்லை.

(* அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கி வைத்திருக்கும். ஒன்றில் தட்டியதை இன்னொன்று காட்டாது. இது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. பூச்சிகளைப் பார்த்தால் யாரும் பதறுவதில்லை.)

4

டிசம்பர் 13 அன்று பனிமழையில் சாலைகள் வழுக்கின. பர்வதம் முதல் நாளே மருத்துவமனையில் தங்கிவிட்டார். காலையில், இரவெல்லாம் சாத்திய வீட்டுக்குள் கரிப்புகையைச் சுவாசித்த நான்கு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவர், கந்தசாமி, வயது நாற்பத்தொன்று, வரும் வழியிலேயே இறந்திருந்தார். மற்ற மூவருக்கும் முகத்தில் பிராணவாயுக் கவசம். அவர்களில் நஞ்சுண்டனுக்குப் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் தெளிவு வந்தது. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். பர்வதத்தின் சட்டையில் குத்தியிருந்த பெயரை வாசித்தார்.

"மேடம், தமிழ்ச் சங்கத்துப் பர்வதம் மேடமுங்களா?"

"ஆமா. பேசாதீங்க, மூச்சை நல்லா இழுங்க."

"கந்தசாமி அண்ணன் உங்க போட்டிக்கு எழுதி அனுப்பிச்சாருங்க. நாங்க இருந்த வீட்டைப் பத்தித்தான். படிச்சீங்களா?"

பர்வதம் சொன்ன பதில் இது. பல மாதம் கழித்து, என் வற்புறுத்தல் எதுவும் இல்லாமல், அவரே என்னிடம் சொன்னார்.

"இன்னும் ரிசல்ட் அனௌன்ஸ் பண்ணல."

5

வீட்டுக்குப் போனதும் ஃபிளாப்பியைத் தேடி எடுத்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் அஞ்சனா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

(கதைகளில் கெட்டிக்காரக் குழந்தைகள் அதிகமாகிவிட்டார்கள் என்று முன் வரைவில் அஞ்சனாவை நீக்கிவிட்டேன். அப்போது பர்வதமே கண்டுபிடித்ததாக ஆகிவிடுகிறது. அந்தப் பெருமையைத் தனக்குத் தர வேண்டாம் என்று அவரே சொன்னார்.)

"அம்மா, தி ஃபாண்ட் இஸ் ரைட் ஹியர்."

"எங்கடி?"

"செகண்ட் ஃபைல். அண்ட் ஹி லெஃப்ட் எ நோட். ஹௌ டிட் யூ மிஸ் இட்?"

அதே ஃபிளாப்பியில், கட்டுரைக்கு அடுத்ததாக எழுத்துரு இருந்தது. அதற்கும் அடுத்து, ஆங்கிலத்தில் மூன்று வரிக் குறிப்பு: தயவுசெய்து முதலில் எழுத்துருவை நிறுவிக்கொள்ளவும். என்னிடம் பிரிண்டர் இல்லை, மன்னிக்கவும். நன்றி.

அஞ்சனா நாலு இடத்தில் சொடுக்கினாள். பூச்சிகள் தமிழாயின.

6

கந்தசாமி இங்கு வருமுன் பவானியில், பகலில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டே ஒரு மாலைப் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவர். எழுத்துரு அந்தப் பத்திரிகையின் அச்சகத்தினுடையது. அவருடைய கட்டுரையை என் நடையில் திருப்பிச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. மூன்றாம் பத்தியை அப்படியே தருகிறேன்:

"ஹீட்டர் அக்டோபர் கடைசியில் நின்றது. வீட்டுக் குத்தகை கம்பெனி பெயரில் இருப்பதால், பழுதைக் கம்பெனிதான் சொல்ல வேண்டும் என்று குடியிருப்பு அலுவலகம் சொல்லிவிட்டது. கம்பெனிக்கு ஐந்து முறை போன் செய்தோம். தேதிகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். முன்பு குடியிருந்தவர்கள் பால்கனியில் ஒரு கரி அடுப்பையும் இரண்டு மூட்டைக் கரியையும் விட்டுப்போயிருந்தார்கள். அதை உள்ளே கொண்டுவரும் யோசனை என்னுடையது. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையிலேயே கரி நெருப்பு வைப்போம். சன்னல்களைச் சாத்திக்கொண்டு தூங்கினோம். காலையில் நான்கு பேருக்கும் தலைவலி. நஞ்சுண்டன் வாந்தி எடுத்தார். முதல் நாள் குழம்பு கெட்டிருக்கலாம் என்று முடிவு செய்தோம்."

கட்டுரையின் கீழே நவம்பர் 18 என்று தேதி.

பர்வதம் 'வாந்தி எடுத்தார்' வரை வாசித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். ஓட்டு வீட்டில் புகைக்கு நூறு சந்து உண்டு. இங்கே குளிர் நுழையாமல் கட்டிய வீட்டில் எதுவும் நுழைவதில்லை, எதுவும் வெளியேறுவதும் இல்லை. தலைவலியும் வாந்தியும் குழம்பால் அல்ல, அடைபட்ட கரிப்புகையின் நஞ்சால் என்று புரிந்துகொள்ள அவருக்கு இந்த ஒரு பத்தி போதும். நவம்பர் 26 மதியம் வாசித்திருந்தால் அன்று மாலையே காரை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

7

ஜனவரி 7, ஞாயிறு பிற்பகல், பக்கத்து ஊரான காப்பெல்லில் மகாதேவன் வீட்டில் பரிசுக் குழு கூடியது. தீயணைப்புத் துறை விபத்து என்று எழுதி விஷயத்தை முடித்திருந்தது. பர்வதம் ஒன்பதாம் எண்ணுக்கு அச்சுப் பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தார். எல்லோரும் வாசித்து முடித்ததும் சொன்னார்:

"இதுக்குத்தான் பரிசு. ஸ்டேஜ்ல நானே படிக்கிறேன்."

மகாதேவன் வாஞ்சிநாதனைப் பார்த்தார். வாஞ்சிநாதன் மிக்சர் தட்டைக் கீழே வைத்தார். அவர் கோபப்படுவார் என்று பர்வதம் தயாராக வந்திருந்தார்.

"குடுங்க டாக்டர். நான் குறுக்கே நிக்கல. எங்கப்பா பேர்லயே குடுங்க. ஆனா முழுசாப் படிக்கணும். அடுப்பை உள்ள கொண்டு வந்தது யாருன்னு அவரே எழுதியிருக்காரே, அதையும் விடாமப் படிங்க. விழா கேசட் ஒண்ணு பவானிக்கும் அனுப்புவோம், அவர் வைஃப் பாக்கட்டும்."

"ஹீட்டருக்கு அஞ்சு தடவை உங்க ஆபீசுக்குப் பேசியிருக்காங்க வாஞ்சி. தேதி போட்டிருக்கார்."

"ஆமா ஆமா, தேதியெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரு தேதி மட்டும் தெரியணும். இந்த ஃபிளாப்பி உங்க கைக்கு என்னிக்கு வந்துச்சு?"

வாஞ்சிநாதன் அச்சுப் பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் டாக்டர் இல்ல மேடம். தலைவலி, வாந்தின்னு எழுதினா எனக்குப் புரியாது. எனக்கு அது வரவும் இல்ல."

மகாதேவன் தொண்டையைச் செருமினார். "சண்டை வேணாமே. ரெண்டாவது மார்க் வாங்கினவருக்குக் குடுத்துடலாம். குழந்தை வளர்ப்பு பத்தி, நல்லாத்தான் எழுதியிருக்கார்."

"வேற யாருக்கும் குடுக்க நான் சைன் பண்ண மாட்டேன்," என்றார் பர்வதம்.

"அப்ப ரூல் செவன்தான் இருக்கு டாக்டர். இந்த வருஷம் இல்லைன்னு போட்டுடலாம்."

பர்வதம் பேனாவை எடுத்தார். கந்தசாமியின் இடத்தை வேறொருவர் நிரப்பாமல் இருப்பது ஒரு மரியாதைதான் என்று அந்த நேரத்தில் தோன்றியதாகப் பின்னால் சொன்னார். கையெழுத்துப் போட்டார்.

8

இங்கே வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. பர்வதம் மேடையேறி முழுவதையும் வாசிக்கிறார். தன் தேதியையும் சொல்கிறார். அரங்கம்— (அரங்கம் என்ன செய்யும்? கைதட்டுமா? கைதட்டினால் எதற்கு? மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் அவர் தியாகி ஆகிவிடுகிறார், கந்தசாமி செத்துத்தான் இருக்கிறார்.)

இரண்டு. பவானிக்கு ஒரு தொலைபேசி. கந்தசாமியின் மனைவி புஷ்பவல்லி எடுக்கிறார். "அவரு கடைசியா என்னங்க எழுதினாரு?" என்று— (இதையும் நிறுத்துகிறேன். பவானிக்கு யாரும் பேசவில்லை. நடக்காத ஓர் அழைப்பில் அந்த அம்மாளை அழவைப்பது தகாது.)

மூன்று. பிழைத்தவர்கள் சொல்லட்டும். நஞ்சுண்டனிடம் நான் கேட்டேன். "என் விசா வாஞ்சிநாதன் சார்கிட்டதானுங்க இருக்குது" என்றார். வேறொரு வீட்டில், இன்னும் பெஞ்சில் இருந்தார். அங்கே ஹீட்டர் ஓடுகிறது என்றும் சொன்னார்.

போலீசிடம் ஃபிளாப்பியைக் கொடுக்கலாமே என்று வாசகர் கேட்பார். நானும் கேட்டேன். "குடுத்தா அவங்களும் அதே தேதியைத்தானே கேப்பாங்க?" என்றார் பர்வதம். பிறகு, நான் எதுவும் சொல்லாதபோதே, "எனக்குத் தைரியம் இல்லைன்னே எழுதுங்க" என்றார்.

நான்காவது முடிவு எல்லாவற்றிலும் எளிது. நவம்பர் 26, ஞாயிறு மதியம். திரையில் பூச்சிகள். பர்வதம் போனை எடுப்பதற்கு முன் அடுத்த கோப்பைத் திறக்கிறார். இதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். எழுதினேன். கதை அதோடு முடிந்துவிட்டது: நான்கு பேர், ஓர் அறை, திறந்த சன்னல், கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு ஒருவரையொருவர் திட்டும் குரல்கள். அந்த வாக்கியத்தை இங்கே அச்சிடவில்லை. வாசகர் தன் மனதில் எழுதிக்கொள்ளலாம். நடந்ததை அது மாற்றாது.

9

2001 ஜனவரி 20, சனிக்கிழமை, ரிச்சர்ட்சனில் ஒரு பள்ளி அரங்கத்தில் பரிசளிப்பு விழா நடந்தது. நாடகப் பரிசு மாமியார் விசா பற்றிய ஒரு நகைச்சுவை நாடகத்துக்குக் கிடைத்தது. இலக்கியப் பரிசு ஹூஸ்டன்காரர் ஒருவரின் சிறுகதைக்கு. நடுவர்களுக்கு வாஞ்சிநாதன் பொன்னாடை போர்த்தினார். பர்வதம் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

மலரின் பதினேழாம் பக்கத்தில் நான் தட்டிய வரி: "கட்டுரை: விதி 7-இன்படி, இவ்வாண்டு பரிசுக்குத் தகுதியான படைப்பு எதுவும் வரவில்லை."

ஆகஸ்டில் அடுத்த போட்டிக்கான அறிவிப்பு வந்தது. நடுவர்கள் மாறவில்லை. விதிகளில் ஒரே ஒரு திருத்தம், நான்காவதில்: அச்சுப் பிரதி இல்லாமல் வரும் ஃபிளாப்பிகள் திறக்கப்படாமல் திருப்பி அனுப்பப்படும்.