பச்சை இலை ஒட்டிய இளநீர்

மகள் கனிஷ்காவின் பேறுகாலத்துக்காகச் சரவணம்பட்டிக்குப் போயிருந்த தெய்வாத்தாள், பேரனைக் கொஞ்சி முடித்துக் கிணத்துக்கடவுக்குத் திரும்பிய அன்றே தோப்புக்குப் போனாள். முதல் மரத்தடியிலேயே நின்றுவிட்டாள். மண்ணைத் தோண்டி, வேரைச் சீவி, மருந்து ஊற்றிய பிளாஸ்டிக் பையை அதில் யாரோ மாட்டிக் கட்டியிருந்தார்கள். அடுத்த மரத்திலும் அப்படியே. தோப்பு முழுக்க அப்படியே.

பக்கத்துத் தோப்பிலிருந்து கொழுந்தனார் வெங்கடபதி சிரித்த முகமாக வந்தார். அண்ணியை அவர் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்.

"வந்துட்டீங்களா நங்கையா? கூன்வண்டு உழுந்து மரமெல்லாம் காய ஆரம்பிச்சிருச்சுங்க. எங்களுதுக்கு மருந்து கட்டறப்ப உங்களுதுக்கும் கட்டி உட்டுப்போட்டேன். அண்ணன் இருந்திருந்தா பாத்துட்டுச் சும்மா இருப்பாருங்களா?"

பங்காளி ஊரில் இல்லையென்றால் அவர் காட்டையும் சேர்த்துப் பார்ப்பது அந்தப் பக்கத்து முறைமை. கேட்டுவிட்டுச் செய்தால்தான் குறையாக நினைப்பார்கள். நல்ல மனதோடு செய்த மனுஷனை என்னவென்று திட்டுவது?

அந்த அண்ணன்தான் அவள் புருஷன். தக்காளிக் காட்டில் மருந்தடித்துவிட்டு வந்து வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனவர். அன்றைக்கு நினைத்துக்கொண்டாள், இனி இந்த மண்ணில் மருந்து படக்கூடாது என்று. காய் சிறுத்தது, ஊர் சிரித்தது. மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, இயற்கை விளைச்சல் என்று சொல்லும் அந்தப் பச்சை இலை ஸ்டிக்கரை வாங்கினாள். அது ஒட்டிய பிறகுதான் சரவணம்பட்டிக் கடையில் அவளுடைய இளநீருக்கு மரியாதை வந்தது, தோப்பும் பிழைத்தது.

"மருந்து கட்டுன பொறகு காய் வெட்டுனீங்களா தம்பி?"

"ஒரு லோடு கடைக்கே அனுப்பியாச்சுங்க. ஸ்டிக்கரெல்லாம் நானே நின்னு ஒட்ட வெச்சேன்."

நிறைமாத மகளுக்குத் தினமும் அந்தக் கடையில் இளநீர் வாங்கிக் கொடுத்தவள் தெய்வாத்தாளேதான். நம்ம தோப்புக் காய், இலை ஒட்டியிருக்கிறது பார் என்று பெருமையடித்துக்கொண்டே கொடுத்தாள்.

கடைக்காரி நந்திதாவுக்குப் போன் போட்டாள். "கண்ணு, எங்க காயை எடுத்து வெச்சிருங்க. மருந்து வெச்ச காயி."

"அத்தனையும் வித்துப்போச்சுங்க அக்கா. சர்டிஃபிகேட் இன்னும் இருக்குதுல்லங்க? நீங்களா சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?"

அது வாஸ்தவம். ஆய்வுக்கு வருகிற அதிகாரி தோப்பு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போகிறவர். பையையெல்லாம் அவிழ்த்துப்போட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் இலை அப்படியே இருக்கும். ஆனால் அந்த இலையை நம்பி வாங்குகிற இன்னொரு பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன பதில் சொல்வது? மறுநாள் அந்த அதிகாரியைக் கூப்பிட்டுத் தானே சொல்லிவிட்டாள்.

"உள்ளதைச் சொன்னீங்க, சந்தோசமுங்கம்மா. ஆனா ஸ்டிக்கர் ரத்துங்க. மறுக்கா மொதல்ல இருந்து மூணு வருசம்."

பொய் சொன்னவர்களுக்கும் உண்மை சொன்னவளுக்கும் ஒரே விதி. போன முறை உட்கார்ந்து மோர் குடித்த மனுஷன் இந்த முறை நின்றபடியே போனார். நந்திதாவின் கடையில் அதே இலை ஒட்டிய வேறு யாருடையதோ இளநீர் அடுக்கப்பட்டது. அங்கே யார் என்ன மருந்து கட்டினார்களோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.

மருந்தின் வீரியம் தீரும் வரை காத்திருந்து அடுத்த காயை வெட்டினாள். வாங்க வந்த வியாபாரி அதைக் காலால் உருட்டிப் பார்த்தார்.

"காய் சிறுசா இருக்குதுங்களே."

"இந்த வெட்டுல மருந்து இல்லீங்க."

"ஸ்டிக்கர் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் மருந்து இருந்தா என்னுங்க, இல்லாட்டி என்னுங்க?"

மழை விட்டதும் வண்டு மறுபடி இறங்கியது. நடந்தது தெரிந்ததிலிருந்து முகத்தைக் காட்டாமலிருந்த வெங்கடபதி, வேலிக்கு வெளியிலேயே தயங்கி நின்றார்.

"எங்களுதுக்கு மருந்து கட்டப்போறனுங்க நங்கையா. உங்க பக்கம் கையே வெக்க மாட்டேன்."

அவள் மரங்களை அண்ணாந்து பார்த்தாள். உச்சிக் கொண்டை சாய்ந்து நின்றன. கடைக்கும் வேண்டாம், வியாபாரிக்கும் வேண்டாம் என்றால் மருந்து படாத மண்ணை யாருக்காகக் காப்பாற்றுவது என்று தோன்றியது.

"எனக்கும் வாங்கிட்டு வந்துருங்க தம்பி," என்றாள்.

அவர் திகைத்துப் பார்ப்பதற்குள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், மரத்தடியில் வேரைத் தேடிக் கொத்தத் தொடங்கினாள்.