லாவண்யா, வயது இருபத்தாறு

"அப்ப, அழிக்கிறதுதான் உன் வேலையா?" என்று கேட்டார் அப்பா.

"நெட்டுல காலாவதியான பக்கங்களை மட்டும்ப்பா. பழசு முன்னால நின்னா, தேடுறவங்களுக்குச் சரியானது கண்ணுல படாது."

"யாரு அழிக்கலாம்?"

"போட்டவங்கதான்" என்றாள் லாவண்யா, வேண்டுமென்றே அழுத்தி. அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அது இரண்டு வருடத்துக்கு முன்பு. இன்று தி.நகர் வீட்டு மாடிக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார் அப்பா ராஜரத்தினம். விடிகாலையில் மாரடைப்பு. தம்பி அஸ்வத் பெங்களூரிலிருந்து வந்ததும் எடுத்துவிடுவார்கள். அப்பாவின் போனுக்கு வருகிற அழைப்புகளுக்கெல்லாம் லாவண்யாதான் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு ஒரு புது எண். மதுரையிலிருந்து ஒரு அம்மாள். நெட்டில் ஜாதகம் பார்த்தார்களாம், பையனுக்கு வயது கொஞ்சம் கூட, பரவாயில்லையா என்று விசாரித்தாள்.

லாவண்யாவுக்கு முப்பத்தேழு. லாரன்ஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஒன்பது வருடம். ஆனாலும் அவள் பெயரைத் தேடினால் முதலில் வருவது, பதினோரு வருடத்துக்கு முன்பு அப்பா போட்ட பக்கம்தான்: வயது இருபத்தாறு, வரன் தேவை. தரமணி அலுவலகத்தில் ஊரார் பக்கங்களையெல்லாம் நீக்குகிறவள், இதை மட்டும் தொடவில்லை. அப்பா கையால் எடுக்கட்டும் என்றிருந்தாள். அவர் எடுக்காதவரை இந்த வீட்டில் அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவள் மட்டும் வந்து போவாள். லாரன்ஸ் இந்த மாடி ஏறியதில்லை. அவன் ஏறட்டுமா என்று அவளும் வீட்டில் கேட்டதில்லை. இன்றும் காலையிலிருந்து அவன் கீழே, வருகிறவர்களின் வண்டிகளை ஓரம்கட்டி நிறுத்திக்கொண்டிருந்தான்.

"பொண்ணுக்கு அமைஞ்சிருச்சும்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பெட்டியின் தலைமாட்டிலிருந்த அம்மா நிமிர்ந்தாள். "அந்த ஜாதகத்துக்கா?"

"ம்."

"ரெண்டு வருஷமா அதை எடுக்கத்தான் மல்லுக்கட்டினாருடி. பாஸ்வேர்டு மறந்துபோச்சு. எங்க போய் எடுக்கிறதுன்னு தெரியல. உன்னைக் கேக்கச் சொன்னேன்."

"கேக்கலையேம்மா."

"'கேட்டேன், போட்டவங்கதான் எடுக்கணுமாம்'னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு."

லாவண்யா அப்பாவின் போனில், அவர் நெட்டில் தேடிய வரிகளைத் திறந்தாள். ஒரே வாசகம், வெவ்வேறு தேதிகளில். அதிகாரிக்கு மனு எழுதுவதுபோல முழுசாக எழுதியிருந்தார்: 'ஐயா, என் மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. அவள் பக்கத்தை எடுப்பது எப்படி?'

கடைசித் தேதி போன வியாழக்கிழமை.

கீழே டாக்ஸி வந்து நின்றது. யாரோ அஸ்வத் பெயரைச் சொன்னார்கள். கூடத்திலிருந்த பெண்கள் எழுந்து சேலையைச் சரிசெய்தார்கள். லாவண்யா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, லாரன்ஸ் கீழ நிக்கிறாரு. மேல வரச் சொல்லட்டுமா?"