கை நின்ற இடம்

மருமகனை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை மாமனாரே கொண்டுவந்தார். புத்தூரில் மருமகன் படிப்பித்த பள்ளிக்கூடத்தைக் கட்டியவரும் அதன் மனேச்சரும் அந்த மாமனார் ஏரம்பர்தான். வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினால் ஊர் கதைக்கும் என்பது அவருடைய கவலை. மகள் நல்லம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவன் நமசிவாயத்தின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்துவிட்டு, அவர் சால்வையைச் சரிசெய்தபடி நின்றார்.

தரையில் இருத்தவேண்டிய இரண்டு பிள்ளைகளை நமசிவாயம் பலகை வாங்கில் இருத்திவிட்டான். அதுதான் குற்றம். சைவம் வளர்க்கவென்று எழுப்பிய பள்ளிக்கூடம் அது. எந்தச் சாதிக்கு வாங்கு, எந்தச் சாதிக்குத் தரை என்பதைக் கூரை வேயுமுன்பே ஏரம்பர் தீர்மானித்திருந்தார். கடவுளுக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

"பிழை விட்டிட்டன் எண்டு ஒரு கடுதாசி எழுதித் தாரும். நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு வரலாம்," என்றார்.

"நான் பிழை விடேல்லை, மாமா."

ஏரம்பர் அதற்குமேல் மகளைப் பார்த்துத்தான் பேசினார். வாத்தியார் உத்தியோகத்தைப் பார்த்தே இவனுக்குப் பெண் கொடுத்ததாகவும், உத்தியோகம் போனபின் இவனிடம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய சொல் மனேச்சருக்கு மனேச்சர் பரவியது. ஆறு மாதமாகியும் ஒரு பள்ளிக்கூடமும் நமசிவாயத்தைச் சேர்க்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் அவன் ஒரு கதை எழுதினான். யாழ்ப்பாணப் பட்டினத்து வாரப் பத்திரிகை ஒன்று அதைப் போட்டது. தரையில் இருத்தப்பட்ட சிறுவன் அழுகிறான். கருணையுள்ள ஆசிரியர் கண்ணீரைத் துடைக்கிறார். சிறுவன் அவர் காலில் விழுகிறான். ஊர் வாசிகசாலையில் அதை உரக்க வாசித்தார்கள். பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்த கையாலேயே, கிணற்றடியில் தண்ணீருக்குக் காத்துநின்றவர்களை இன்னும் தள்ளி நிற்கும்படி காட்டினார்கள். ஏரம்பருக்கும் கதை பிடித்துப்போயிற்று. இப்படி எழுதினால் ஒருவருக்கும் வில்லங்கமில்லை என்று மகளிடம் சொல்லியனுப்பினார்.

அடுத்த கிழமை பண்டத்தரிப்பிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. எழுதியவள் ஸ்ரெல்லா, மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிப்பவள். தரையில் இருத்தப்படுகிற சாதியில் பிறந்தவள் என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தாள். அவளுடைய தம்பியைத் தரையில் இருத்தியபோது அவன் அழவில்லையாம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் பிறகு போகவேயில்லையாம். உங்கள் சிறுவனோ எட்டு இடத்தில் அழுகிறான், உங்கள் கதையில் ஆசிரியரைத் தவிர மனிதர் ஒருவரும் இல்லை என்று முடித்திருந்தாள்.

நமசிவாயம் மூன்று நாள் கொதித்தான். இவர்களுக்காக வேலையை இழந்தவனுக்கு இதுவா கைம்மாறு என்றான். நல்லம்மா அட்டையை இரண்டு தரம் வாசித்தாள்.

"காலிலை விழுவினம் எண்டு நினைச்சோ வாங்கிலை இருத்தினியள்?"

நமசிவாயம் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போனான்.

ஸ்ரெல்லாவின் தாய் முற்றத்தில் அவன் இருக்கக் கதிரையை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். வெயிலில் வந்தவன் தானாகவே தண்ணீர் கேட்டான். அவள் தயங்கித் தயங்கிச் செம்பைக் கொண்டுவந்தாள். வாங்குவதற்கு நீட்டிய கை பாதியில் நின்றது. ஒரு கணம்தான். பிறகு வாங்கிக் குடித்தான். தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரெல்லா பார்த்துவிட்டாள்.

"இப்ப உங்கடை கை நிண்டதெல்லே, மாஸ்ரர்," என்றாள் அவள். "அதை எழுதுங்கோ."

திரும்பும் வழியில் சுன்னாகம் வரும்வரை அவளை வெறுத்தான். அதற்குப் பிறகு தன்னை வெறுத்தான். வீடு வந்ததும் எழுத உட்கார்ந்தான்.

எழுதியதை ஸ்ரெல்லாவுக்கே அனுப்பினான். பென்சில் கோடுகளோடு திரும்பி வந்தது. ஒரு பந்தியின் ஓரத்தில், 'இதில் உங்களையே புகழுகிறீர்கள்' என்றிருந்தது. அந்தப் பந்தியை முழுவதுமாக வெட்டினான். நாலாம் தரம் எழுதியதைப் பத்திரிகை போட்டது. பிள்ளைகளுக்கு வாங்கு கொடுத்த ஆசிரியனின் கை, அவர்கள் வீட்டுச் செம்புக்கு முன்னால் நின்றுபோன கதை அது. அதில் ஒருவரும் அழவில்லை. முன்பு கண்ணைத் துடைத்த அதே பெரியவர்கள், இந்தப் பத்திரிகை வாசிகசாலைக்குள் வரக்கூடாது என்று கையெழுத்து வைத்தார்கள். பட்டினத்தில் அந்த இதழ் ஒன்றும் மிஞ்சாமல் விற்றது. வந்து குவிந்த வசைக் கடிதங்களை வாசித்துச் சிரித்த பத்திராதிபர், நமசிவாயத்தைத் தன்னிடம் வேலைக்கு வைத்துக்கொண்டார். வசைகளில் எழுத்தின் பிழையைக் காட்டியவற்றை அவன் எடுத்துவைத்துத் திருத்திக்கொண்டான். பிறப்பைக் காட்டியவை நல்லம்மாவின் அடுப்புக்குப் போயின.

நாலு வருஷம் கழிந்தது. ஏரம்பரும் போட்டியிட்ட கிராமச் சங்கத் தேர்தல் வந்தது. தரையில் இருந்தவர்களுக்கும் வாக்கு உண்டு என்றானபோது, அவர்களும் மனிதர்கள்தான் என்ற செய்தி ஏரம்பருக்கு எட்டியது. இரண்டாவது கதைக்குப் பிறகு படியேறமாட்டேன் என்றிருந்த மகள் வீட்டுக்கு ஒரு கட்டுரையோடு வந்தார். சாதி பாராத தம்முடைய தாராள மனத்தைப் பற்றி அவரே எழுதியிருந்தார். அதை மருமகன் பத்திரிகையில் போடவேண்டுமாம்.

நமசிவாயம் கோபப்படவில்லை. தன் கையால் அச்சுக்குப் போவதையெல்லாம் பண்டத்தரிப்பு ஸ்ரெல்லா ரீச்சர் ஒருமுறை பார்ப்பது வழக்கம், இதையும் பார்ப்பா என்றான். அவ யார், எவர் வீட்டுப் பிள்ளை என்று ஏரம்பர் விசாரித்தார். அவன் சொன்னான். அவர் முகம் சுருங்கியது. தேர்தலுக்குப் பத்து நாளே இருந்தது.

"அவள் பாக்கிறதெண்டால் பாக்கட்டும்," என்று எழுந்தார். "ஆனால் அவள் தொட்ட கடுதாசியைத் திருப்பி என்ரை கையிலை தரவேண்டாம்."

கட்டுரை மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஸ்ரெல்லா ஒரு சொல்லையும் வெட்டவில்லை. அடியில் மட்டும், 'முடிவு போதாது' என்று எழுதியிருந்தாள்.

நமசிவாயம் அந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்ப வாசித்தான். நல்லம்மா எட்டிப் பார்த்தாள்.

"எங்கடை ஐயா எழும்பிப் போகேக்கை சொன்னதைப் போடுங்கோ," என்றாள்.

வெள்ளிக்கிழமை இதழில் கட்டுரை ஏரம்பரின் பெயரிலேயே வெளிவந்தது. அவர் எழுதியதில் ஒரு சொல்லும் மாறவில்லை. கடைசி வரியாகச் சேர்த்திருந்த, அவர் போகும்போது சொன்னதிலும் ஒரு சொல் மாறவில்லை.