புனிதனுக்குப் போதை இல்லை

செம்பனைத் தோட்டத்துக் கோயில் தூணில் தம்பி புனிதனைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு இராஜம்மா போன் செய்தபோது, லோகேஸ்வரி கோலா சிலாங்கூர் டவுனில் தான் வேலை செய்யும் துணிக்கடையில் இருந்தாள். போட்டது போட்டபடி ஓடினாள்.

புனிதனின் உதடு கிழிந்திருந்தது. நைலான் கயிறு மணிக்கட்டை அறுத்திருந்தது. கோயில் தலைவர் சின்னையா கையில் பிரம்போடு நின்றார்.

“போத மருந்து அடிச்சிட்டு வந்து கோயில் ஸ்பீக்கர ஒடச்சிட்டாம்மா. நாலு போட்டாத்தான் தெளியும்.”

“அவன் மருந்து அடிச்சத நீங்க பார்த்தீங்களா?”

“மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதே லா!”

சுற்றி நின்றவர்களில் இராஜம்மா மட்டும் கத்தி கொண்டுவந்து கயிற்றை அறுத்தாள்.

செம்பனை எண்ணெய் ஆலைக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்த புனிதன் சில மாதங்களாகவே மாறிப்போயிருந்தான். வேலையை விட்டான், குளிப்பதை விட்டான். இரண்டு பேர் ஓயாமல் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னான். ஒருவன் ஏசுவானாம், மற்றவன் சிரிப்பானாம். கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். சாமியாடி செய்வினை என்றார். அன்று அந்தக் குரல்கள் ஸ்பீக்கரிலிருந்து வருவதாக நம்பித்தான் அதை உடைத்திருக்கிறான்.

லோகேஸ்வரி முதலில் போலீசில் ரிப்போர்ட் கொடுத்தாள். பிறகு மருத்துவமனை. அங்கேயும் முதல் கேள்வி, “என்ன போதைப்பொருள் எடுக்கிறார்?” என்பதுதான். “சோதிச்சுப் பாருங்க,” என்றாள் அவள். சிறுநீர்ச் சோதனையில் ஒன்றுமே இல்லை.

மனநல மருத்துவர் சிவகௌரி புனிதனிடமே நெடுநேரம் பேசினார். இரத்தம் எடுத்து, மூளையை ஸ்கேன் செய்து, வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகே சொன்னார்:

“இது ஸ்கிட்ஸோஃப்ரினியா. மனச்சிதைவுன்னு சொல்லுவாங்க. மூளையில வர்ற நோய். இதுல யாரு மேலயும் குத்தமில்ல.”

“நல்லாயிடுமா டாக்டர்?”

“மருந்துல நிறைய பேருக்கு அடங்குது. நல்லாயிட்டோம்னு தானா நிறுத்தினா திரும்ப வரும்.”

முதல் மருந்தில் அவன் கை நடுங்கியது, உடம்பு மரக்கட்டையானது. மருத்துவர் வேறு மருந்து மாற்றினார். பிறகு மாதம் ஒரு ஊசி.

“இன்னும் பேசுறாங்கக்கா,” என்றான் ஒருநாள். “ஆனா பக்கத்து லயத்து வீட்டுல பேசுற மாதிரி இருக்கு. காது குடுக்காம இருக்க முடியுது.”

அந்த வாரமே சின்னையா வீட்டுக்கு வந்தார்.

“ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கிக்கம்மா. தெரியாம செஞ்சிட்டோம். அவன் பைத்தியம்னு சொல்லியிருந்தா நாங்க...”

“பைத்தியம்னா அடிக்க மாட்டீங்க, போதைன்னா அடிப்பீங்களா?” என்றாள் லோகேஸ்வரி. “சுகர் ஏறி ஒருத்தர் மயங்கி விழுந்தா தூண்ல கட்டுவீங்களா தலைவரே? ஒரு வார்த்த, ‘ஏன்டா ஒடச்சே’ன்னு கேட்டிருந்தா அவனே சொல்லியிருப்பான்!”

உள்ளேயிருந்து புனிதன் வந்தான். “ஸ்பீக்கர ஒடச்சது தப்புதான் தலைவரே. மன்னிச்சிருங்க. ஆனா அடிச்சது அடிச்சதுதான். ரிப்போர்ட்ட வாபஸ் வாங்க வேணாம்கா.”

நீதிமன்றத்தில் சின்னையா குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் விதித்தார்கள். நல்ல மனுசரைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டாள் என்று தோட்டத்தில் பாதிப்பேர் லோகேஸ்வரியிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். கோயில் வாசலில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் திருப்புவதில்லை, தம்பியோடு நேராக உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறாள்.