மருதாணிக் குருவியும் மான்கொம்புப் பூவும்

அந்தப் பெரிய பனி விழுந்த வருஷம், நான் கல்யாணமாகி இந்த அஜ்லூன் மலையூருக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பிறந்து வளர்ந்ததெல்லாம் ஸர்கா நகரத்தில். எண்ணெய் ஆலைப் புகையும் லாரி இரைச்சலும் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. இங்கோ வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்துக்குப் பின்னால் ஓக் காடு, அதற்கும் பின்னால் மறுபடியும் ஓக் காடு. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர் ஸப்ரி, அவருடைய அக்கா நவ்ஃபா.

நவ்ஃபாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. இர்பிதில் வாழ்க்கைப்பட்டு, நான்கே வருஷத்தில் தலாக் ஆகித் திரும்பி வந்தவள். தோட்டம் முழுக்க அவள் ராஜ்யம். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டாள். "ஏய் ஸர்காக்காரி" என்பாள்.

மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. காட்டுக்குள் கிளைகள் படீர் படீரென்று முறிந்தன. மூன்றாம் நாள் காலையில் நவ்ஃபா சமையலறை ஜன்னலைத் திறந்து, கோதுமை நொய்யை வாரி வெளியே இறைத்தாள். கருங்குருவிகளும் சிட்டுகளும் வந்து மொய்த்தன. ஒரு மருதாணிக் குருவி மட்டும் நொய்யைச் சட்டை செய்யாமல் நேரே வீட்டுக்குள் பறந்து வந்து, அடுப்புப் பக்கத்து விறகின்மேல் உட்கார்ந்தது. மார்பில் மருதாணி அரைத்துப் பூசியது போல் சிவப்பு. வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி எங்கள் பக்கம் வருகிற குருவி அது.

"விருந்தாளி வந்தாச்சு. டீ போடு," என்றாள் நவ்ஃபா.

"எங்க ஊர்ல குருவி வெளியில இருக்கும் அண்ணி. மனுஷங்கதான் உள்ள இருப்போம்."

"உங்க ஊர்ல குருவி ஏதுடி? இருந்தாலும் இருமிக்கிட்டேல்ல பறக்கும்!"

ஸப்ரி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குருவி நான்கு நாள் தங்கியது. நவ்ஃபா அதற்கு அத்திப்பழத்தைக் கிள்ளிப் போட்டாள், அதோடு பேசினாள். நான்காம் நாள் பகலில், என் அம்மா தைத்துக் கொடுத்த மெத்தைப் போர்வையில் வரிசையாக எச்சம். நவ்ஃபா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஜன்னலைத் திறந்து, துணியை வீசி வீசிக் குருவியை விரட்டிவிட்டேன். அவள் வந்ததும், "விறகெடுக்கக் கதவைத் திறந்தேன், பறந்துடுச்சு," என்றேன். அவள் இருட்டும்வரை ஜன்னலோரம் நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் விறகுக் குவியலருகே அது விறைத்துக் கிடந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. என் தலைத்துணி ஒன்றில் சுற்றி, பாதாம் மரத்தடியில் பனியைத் தோண்டிப் புதைத்தேன். அதற்குப் பிறகு அந்த அடுப்பருகே உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

பனி உருகியது. பாதாம் பூத்தது. ஏதாவது செய்து மனசை ஆற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒருநாள் தனியாகக் காட்டுக்குப் போய், பாறை இடுக்குகளில் தலை கவிழ்ந்து, இதழ்கள் கொம்பு போல் மேலே வளைந்து பூத்திருந்த மான்கொம்புப் பூச்செடிகளைக் கிழங்கோடு பறித்து வந்தேன். நவ்ஃபாவின் தோட்டத்துக்குப் பரிசாக. வழியில் லூஃப் என்கிற காட்டுக் கீரையும் பறித்தேன். ஊரே அதைச் சமைத்துச் சாப்பிடுகிறதே, நானும் சமைத்து அசத்தலாமென்று வெங்காயம் போட்டு, ஆலிவ் எண்ணெயில் லேசாக வதக்கிப் பரிமாறினேன்.

அதைப் புளிப்புச் சேர்த்து வெகுநேரம் வேகவைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் கவளத்திலேயே ஸப்ரி தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "தயிர்... தயிர் கொண்டா..." என்று கத்தினார். நவ்ஃபாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். இருமலுக்கு நடுவே என்னைப் பார்த்து, "ஏண்டி, குருவியை அனுப்பிட்ட, அடுத்து நாங்களா?" என்றாள்.

ஸப்ரி எதுவும் புரியாமல் தயிரைக் குடித்துக்கொண்டிருந்தார். நவ்ஃபா எழுந்து தோட்டத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணி, அன்னிக்கு அது தானாப் பறக்கல. ஜன்னலைத் திறந்தது நான்தான். விரட்டி விட்டுட்டேன்."

"தெரியும். பாதாம் மரத்தடியில பனி கலைஞ்சு கிடந்துச்சே. தோண்டிப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கழுத்தை நெரிக்கலாம்னுதான் வந்தேன்." அவள் குரல் கரகரத்தது. "தூக்கி எறிஞ்சிருந்தா நெரிச்சிருப்பேன். நல்ல தலைத்துணியில சுத்தி வெச்சிருந்த. சரி, இவ மனசு கல்லு இல்லைன்னு விட்டுட்டேன்."

நான் அழுதுவிட்டேன். அவள் சுவரோரம் நான் பூச்செடிகளோடு வைத்திருந்த கூடையைப் பார்த்தாள். "இதென்ன? கிழங்கோடவா பிடுங்கின? நாளைக்குக் கொண்டுபோய் இருந்த இடத்துலேயே வெச்சுட்டு வரலாம், வா."

மறுநாள் போனோம். முறிந்த கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் இறங்கி, அதுவரை நிழலாயிருந்த இடமெல்லாம் செக்கச்செவேலென்று தஹ்னூன் பூத்துக் கிடந்தது. கொண்டலாத்தி ஒன்று கொண்டையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தது. நவ்ஃபா மண்ணைத் தோண்டிக்கொண்டே இர்பித் வீட்டைப் பற்றி முதல்முறையாகப் பேசினாள்.

"நல்ல மனுஷன்தான், அடிச்சதில்ல, திட்டினதில்ல. மூணாவது மாடி வீடு. தூசி வருதுன்னு ஜன்னலைத் திறக்கவே விடமாட்டாரு. நாலு வருஷத்துல ஒரு பிப்ரவரிப் பூவைக்கூடக் கண்ணால பாக்கல நான்."

அன்றைக்கு நட்டதில் பாதி பிழைக்கவில்லை. நாங்கள் இருவரும் பிழைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ஏழு வருஷம், பாதாம் பூத்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். லூஃபைச் சுமாக் புளிப்புப் பொடி போட்டு வேகவைக்கக் கற்றுக்கொண்டேன். நான் சமைத்தால் ஸப்ரி மட்டும் இன்றுவரை தயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

நாற்பத்தோராவது வயதில் நவ்ஃபாவுக்கு மறுபடியும் கல்யாணமானது. மாப்பிள்ளை அகபாவில் பள்ளி ஆசிரியர், மனைவியை இழந்தவர். "உங்க வீட்டு ஜன்னல் திறக்குமா?" என்று அவள் அவரிடம் நேராகவே கேட்டாள். "கடல் பக்கம் நாலு ஜன்னல்," என்றாராம். மார்ச்சில் கிளம்பினாள். கார் நகர்ந்த பிறகும் தலையை வெளியே நீட்டி, "சுவத்துப் பக்கம் களை எடுக்காத! அது களை இல்ல!" என்று கத்திக்கொண்டே போனாள். அன்று முழுக்க எனக்குத் தோட்டத்துப் பக்கம் போக மனசு வரவில்லை.

இப்போது அவளுக்கு முழங்கால் சரியில்லை. ஆறு வருஷமாக இங்கே வரவில்லை. கடலும் பேரீச்சை மரங்களும் அங்கே இருக்கின்றன, ஓக் மரம்தான் இல்லை. போன வாரம் காலையில் போன் செய்தாள்.

"என்னடி பூத்திருக்கு?"

சொன்னேன். பாதாம் பாதிப் பூ, அவள் விதைத்துவிட்டுப் போன மான்கொம்பு சுவரோரம் பதினொன்று, தஹ்னூன் இன்னும் இல்லை.

"பின்னால ஏதோ கத்துதே, கருங்குருவியா?"

"ஆமா."

"போனை அந்தப் பக்கம் காட்டு."

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். குளிரில் விரல் மரத்துப் போனது. குருவி பாடி முடிப்பதாயில்லை. போனுக்குள் அவள் கணவர், "யாரு நவ்ஃபா?" என்று கேட்பது சன்னமாகக் காதில் விழுந்தது.

"சத்தம் போடாதீங்க," என்றாள் அவள்.