எலுமிச்சை பல்பு

எலுமிச்சம்பழத்தில் பல்பு எரிகிற வீடியோவைப் பார்த்து எலக்ட்ரீஷியனின் மகளும் செய்துபார்த்தாள். எரியவில்லை. பழத்துக்குச் சக்தி போதவில்லையென்று வயரைப் பிளக் பாயிண்டில் செருகினாள், உள்ளங்கை வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து எலக்ட்ரீஷியன் நேரே போனது, அந்த வீடியோவை எடுத்த மச்சான் வீட்டுக்கு. கதவைத் திறந்தவன் மூக்கிலேயே ஒரு குத்து விட்டார். விழுந்தவனை விலாவில் உதைத்தார். கேமராவைத் தூக்கி அவன் முதுகில் போட்டு உடைத்தார்.

"புள்ள கையே வெந்துபோச்சு. எலுமிச்சையில எங்கடா கரண்டு வருது, பொறம்போக்கு?"

மச்சான் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான்.

"அந்த வீடியோவுல பல்பு எரிய மேஜைக்கடியில திருட்டு லைன் இழுத்துக் குடுத்தது யாரு மாமா? எவன் கண்ணுக்கும் தெரியாதுன்னு நீங்கதானே பெருமையா சொன்னீங்க."

எலக்ட்ரீஷியன் அந்த வாயிலேயே குத்தினார், அது பேச்சை நிறுத்தும்வரை.